தண்ணீருக்குக் கணக்கு எழுதிய எலன் அம்மையார்

நம் கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள் யாரும் பியூரெட்டை மறந்திருக்க முடியாது. சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்து, மஞ்சளாக இருக்கிற தண்ணீர் லேசாகச் செங்கல் நிறம் தட்டுகிற அந்த ஒரு சொட்டில் நிறுத்தணும். ஒரு சொட்டு கூடிப்போனால் போச்சு, மறுபடி முதலிலிருந்து! தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் இந்தச் சோதனையை நாமெல்லாம் மார்க்குக்காகச் செய்தோம். ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு சரி.

இதே சோதனையை வைத்துக்கொண்டு ஒரு மாநிலம் முழுவதன் குடிநீருக்கும் ஜாதகம் கணித்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன். அவர் பெயர் எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர். பழைய மாணவர் மலருக்கு இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடைக்காரர் மகள்

1842 டிசம்பர் 3-ம் தேதி டன்ஸ்டபிள் என்ற சின்ன ஊரில் எலன் பிறந்தார். ஒரே குழந்தை. அப்பா பீட்டர் சுவாலோ, அம்மா பேனி டெய்லர், இருவருமே ஆசிரியர்கள். அதனால் ஆரம்பப் பாடமெல்லாம் வீட்டிலேயே நடந்தது. குழந்தை நோஞ்சானாக இருக்கிறது, வெளியே காற்றோட்டமாக ஓடியாடட்டும் என்று வைத்தியர் சொன்னதால், வயல் வேலையும் தோட்ட வேலையும் சிறு வயதிலேயே பழகிவிட்டன.

மகளை நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே 1859-ல் குடும்பம் வெஸ்ட்போர்டு என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்பா ஒரு கடை வைத்தார். பள்ளி நேரம் போக மீதி நேரம் எலன் கடையில் நிற்பார். சரக்கு வாங்குவது, விற்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அத்துபடி ஆச்சு. பின்னாளில் ஒரு மாநிலத்துத் தண்ணீருக்கே பேரேடு போட்டவருக்குக் கடைக் கணக்கு நல்ல பயிற்சிதான்!

பள்ளி முடிந்தது. மேலே படிக்க ஆசை. ஆனால் பெண்களைச் சேர்க்கிற கல்லூரி அந்த வட்டாரத்தில் இல்லை, கையில் பணமும் இல்லை. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார், பள்ளியில் பாடம் நடத்தினார், பிறர் வீடுகளைச் சுத்தம் செய்தார். நோயாளித் தாயாரைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் இப்படி வீட்டோடு அடைந்து கிடந்து மனம் சோர்ந்தே போனார். அப்படியும் 300 டாலர் வரை சேர்த்துவிட்டார்.

நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்கென்று வாசர் கல்லூரி 1865-ல் திறக்கப்பட்டிருந்தது. 1868-ல், 25 வயதில், எலன் அங்கே போய்ச் சேர்ந்தார். 1847-ல் வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற மரியா மிட்செல் அம்மையார் அங்கே வானவியல் பேராசிரியர். சார்லஸ் பேரர் என்பவர் வேதியியல் பேராசிரியர். நட்சத்திரமா, ரசாயனமா என்று எலனுக்கு மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. அறிவியல் என்றால் அன்றாட வாழ்க்கைக்கு உதவணும் என்பது பேரரின் கொள்கை. அது எலனுக்குப் பிடித்துப்போயிற்று. 1870-ல் பட்டம் வாங்கினார்.

கட்டணமில்லாத மாணவி

பட்டம் வாங்கியாச்சு, வேலை? பாஸ்டன் நகரத்தில் மெரிக் அண்ட் கிரே என்று ஒரு ரசாயனப் பரிசோதனை நிறுவனம் இருந்தது. அவர்களுக்குக் கடிதம் எழுதினார். தாங்கள் பயிற்சிக்கு ஆள் எடுப்பதில்லை, பக்கத்தில் புதிதாகத் தொடங்கியிருக்கிற தொழில்நுட்பக் கழகத்தில் முயன்று பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்தக் கழகம்தான் இன்று உலகமே அறிந்த எம்.ஐ.டி. (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மூத்தது!) அதுவரை அங்கே ஒரு பெண்கூடக் காலடி வைத்ததில்லை.

1870 டிசம்பரில் நிர்வாகம் கூடி, வேதியியலில் தனிச் சலுகை மாணவியாக இவரைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தது. கட்டணம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஏழைப் பெண் என்று இரங்கி விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று எலன் நினைத்து நெகிழ்ந்துபோனார். உண்மை வேறு. யாராவது ஆட்சேபித்தால், இந்தப் பெண் எங்கள் மாணவியே இல்லை, பதிவேட்டில் பெயரே கிடையாது என்று தலைவர் சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டுமே, அதற்குத்தான் அந்தச் சலுகை! பல காலம் கழித்து இது தெரியவந்தபோது, முன்பே தெரிந்திருந்தால் சேர்ந்தே இருக்கமாட்டேன் என்று மனம் நொந்தார்.

நல்லவேளை, தெரியாமல் போயிற்று.

ஆய்வுக்கூடத்தில் தனியாக ஓர் ஓரம். ஆனால் அவர் யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. மேசையைத் துடைப்பார், பேராசிரியரின் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தால் தைத்துக் கொடுப்பார், விரலை வெட்டிக்கொண்டவருக்குக் கட்டுப் போடுவார். இந்தப் பெண் இருப்பதால் இடைஞ்சல் என்று யாரும் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்பதுதான் அவருடைய சாமர்த்தியம். 1873-ல் எம்.ஐ.டி. பட்டம் அவர் கைக்கு வந்தது. அங்கே பட்டம் பெற்ற முதல் பெண் அவர். வனேடியம் கலந்த ஓர் இரும்புத் தாதுவைப் பகுத்தாய்ந்து எழுதிய ஆய்வேட்டுக்காக அதே வருஷம் வாசர் கல்லூரி முதுகலைப் பட்டம் கொடுத்தது. மேலும் படித்தார். எம்.ஐ.டி. தன் முதல் உயர் பட்டத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுக்கத் தயங்கியது. கடைசிவரை கொடுக்கவில்லை.

1875-ல் சுரங்கவியல் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸை மணந்தார். கல்யாணப் பேச்சு நடந்ததே ஆய்வுக்கூடத்தில்தான். புதுமணத் தம்பதியின் முதல் பயணத்துக்குத் துணையாக வந்தவர்கள் யார் தெரியுமா? சுரங்கவியல் வகுப்பு மாணவர்கள்! நோவா ஸ்கோஷியா சுரங்கங்களைப் பார்க்க வகுப்போடு வகுப்பாகப் போய்வந்தார்கள். எலனின் வேலைக்கு ஒருநாளும் குறுக்கே நிற்காத மனிதர் அந்த ராபர்ட். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தண்ணீர் வந்து சேர்ந்தது

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊர்கள் பெருத்துக்கொண்டிருந்தன. ஆற்றங்கரையெல்லாம் ஆலைகள். குழாய் போட்டு வீட்டுக்கு வீடு தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் கழிவாகி அதே ஆற்றுக்குப் போனது. அடுத்த ஊர் அதையே எடுத்துக் குடித்தது. டைபாய்டு காய்ச்சல் வருஷம் தவறாமல் வந்து ஆளைக் கொண்டுபோயிற்று. கிருமிதான் காரணம் என்பது இன்னும் உறுதிப்படவில்லை. டைபாய்டு கிருமியைக் கண்ணால் கண்டதே 1880-ல்தான். தண்ணீர் தெளிவாக இருந்தால், வாடை இல்லாமல் இருந்தால், நல்ல தண்ணீர். அவ்வளவுதான் அளவுகோல்.

மாசாசூசெட்ஸ் மாநிலம் 1869-லேயே ஒரு சுகாதார வாரியத்தை அமைத்திருந்தது. ஆறுகளின் நிலையை ஆராய்ந்து சொல்லும்படி எம்.ஐ.டி. பேராசிரியர் வில்லியம் நிக்கோல்ஸை அது கேட்டுக்கொண்டது. 1872-ல் நிக்கோல்ஸ் தமக்கு உதவியாக எலனைச் சேர்த்துக்கொண்டார். படித்து முடிக்கும் முன்பே தண்ணீர்ப் பரிசோதனையில் அவர் கை தேர்ந்துவிட்டது.

இடையில் இன்னொரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெண்கள் வேதியியல் கற்க எம்.ஐ.டி.யில் தனி ஆய்வுக்கூடம் வேண்டும் என்று போராடி, 1876-ல் அதைத் திறக்க வைத்தார். சம்பளம் இல்லாமல் பாடம் நடத்தினார். அதுமட்டுமா, வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 டாலர் தம் கையிலிருந்தே கொடுத்தார். துணியிலும் சுவரில் ஒட்டுகிற காகிதத்திலும் ஆர்செனிக் விஷம் இருக்கிறதா என்று அந்தப் பெண்கள் சோதித்தார்கள். 1883-ல் அந்த ஆய்வுக்கூடத்தை மூடினார்கள். அதில் எலனுக்கு வருத்தமில்லை. பெண்கள் மற்ற மாணவர்களோடு சேர்ந்தே படிக்கலாம் என்று ஆகிவிட்டதால்தான் மூடினார்கள். ஒருவகையில் தம் வேலையைத் தாமே தேவையில்லாததாக்கிக்கொண்டார்.

அடுத்த வருஷமே, 1884-ல், எம்.ஐ.டி. சுகாதார வேதியியலுக்கென்று தனி ஆய்வுக்கூடம் அமைத்து எலனைப் போதகராக நியமித்தது. அன்றிலிருந்து இறக்கும்வரை 27 வருஷம் அதே பதவி. பேராசிரியர் என்ற பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை.

பாட்டில் பாட்டிலாக ஒரு மாநிலம்

1886-ல் உள்நாட்டு நீர்நிலைகளின் தூய்மையைக் காக்க மாசாசூசெட்ஸ் ஒரு சட்டம் இயற்றியது. சட்டம் போட்டால் மட்டும் போதுமா? எந்த ஆறு கெட்டிருக்கிறது, எந்த ஏரி நல்லா இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 1887-ல் மாநிலம் முழுவதற்குமான தண்ணீர் ஆய்வு தொடங்கிற்று. பொறுப்பு, பேராசிரியர் தாமஸ் டிரவுன். ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் எலன்.

ஊர்களுக்குக் குடிநீர் தருகிற ஏரி, ஆறு, கிணறு எல்லாவற்றிலிருந்தும் மாதாமாதம் பாட்டிலில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வந்த தண்ணீரை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று வைக்க முடியாது. பாட்டிலுக்குள்ளேயே அம்மோனியா மாறிப்போகும். அதனால் வந்த சூட்டோடு பரிசோதனை. நிறம், வாடை, அடியில் தங்கும் வண்டல், சுண்டவைத்தால் மிஞ்சும் உப்பு, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், குளோரைடு என்று ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு வரிசை. இப்படிப் பல்லாயிரம் பாட்டில்கள். ஒரு தடவை செய்ததையே திரும்பத் திரும்ப, அலுக்காமல், கை நடுங்காமல், முதல் பாட்டிலுக்குக் காட்டிய அதே கவனத்தோடு கடைசிப் பாட்டில் வரை செய்வது லேசுப்பட்ட காரியமா?

இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வேதியியல் படிக்காத நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

சாக்கடை கலந்த தண்ணீரில் முதலில் அம்மோனியா தெரியும். நாள் ஆக ஆக நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆகவே அம்மோனியா கூடுதலாக இருந்தால் கழிவு இப்போதுதான் கலந்திருக்கிறது. நைட்ரேட் மட்டும் இருந்தால் பழைய கழிவு. தண்ணீரின் பூர்வ கதை இதில் தெரிந்துவிடும். ஆனால் ஒரு சங்கடம். நைட்ரேட்டைப் பாசியும் செடியும் உறிஞ்சிவிடும். சாட்சி காணாமல் போய்விடும்!

குளோரைடு அப்படி இல்லை. மண் அதை வடிகட்டாது, நுண்ணுயிர் அதைத் தின்னாது, செடி அவ்வளவாகத் தொடாது. உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும் என்பது நம்ம ஊர்ப் பழமொழி. தின்ன உப்பு கடைசியில் தண்ணீரிலேயே போய்ச் சேருகிறது என்பது வேதியியல். மனிதக் கழிவு கலந்த இடத்தில் உப்பு கூடும், கூடியது மறையாது.

அப்போ குளோரைடு கூடுதலாக இருந்தால் சாக்கடை என்று சொல்லிவிடலாமா? அதுதான் முடியாது. கடலோரத்தில் காற்று உப்புத் தூவலை அள்ளிவந்து மழையோடு இறக்குகிறது. அங்கே சுத்தமான ஏரியிலும் குளோரைடு அதிகம். மேற்கே மலைப் பக்கம் போனால் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். கடலோர ஏரியில் குற்றமற்ற அளவு, மலையோர ஓடையில் அபாயம்.

கெட்டது எது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அந்த இடத்தில் நல்லது எவ்வளவு என்று தெரிய வேண்டும். எலனும் டிரவுனும் அதைத்தான் செய்தார்கள். மனிதர் கைபடாத நீர்நிலைகளின் குளோரைடு அளவுகளை மாநில வரைபடத்தில் குறித்தார்கள். ஒரே அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தார்கள். பார்த்தால், கோடுகள் கடற்கரையை ஒட்டியே வளைந்து வளைந்து, உள்ளே போகப் போக எண்கள் இறங்கிக்கொண்டே போயின. இயல்புக் குளோரின் வரைபடம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். (குளோரின் என்றதும் பிளீச்சிங் பவுடரை நினைக்க வேண்டாம். உப்பில் உள்ள குளோரைடையே அன்று அப்படிச் சொன்னார்கள். குடிநீரில் கிருமி கொல்லக் குளோரின் சேர்ப்பது அமெரிக்காவில் 1908-ல் ஜெர்சி சிட்டியில்தான் நிலைபெறத் தொடங்கியது.)

அந்த வரைபடம் கையில் இருந்தால் போதும். எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வந்தாலும், அந்த இடத்துக் கோட்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூடுதலாக இருந்தால், தண்ணீர் எவ்வளவு பளிங்காக இருந்தாலும் எங்கேயோ மனிதக் கழிவு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதற்குமுன் ஒரு கிணறு கெட்டது என்று தெரிய அந்த வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக வேண்டும். இனி அதற்கு முன்பே எச்சரிக்கலாம்! அமெரிக்காவில் குடிநீருக்குத் தர அளவு வகுத்த முதல் மாநிலம் மாசாசூசெட்ஸ் என்று சொல்கிறார்கள். அதற்கு அடித்தளம் போட்டது இந்தக் கணக்குத்தான்.

அளந்ததற்குப் பிறகு

அதே 1887-ல் மெரிமாக் ஆற்றங்கரையில் லாரன்ஸ் என்ற ஆலை நகரத்தில் வாரியம் ஒரு சோதனை நிலையம் அமைத்தது. சாக்கடை நீரையும் ஆற்று நீரையும் மணலில் வடிய விட்டு எப்படிச் சுத்தப்படுத்தலாம் என்று அங்கே ஆராய்ந்தார்கள். எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரைப் பற்றி எட்வின் ஜோர்டானோடு சேர்ந்து எலன் எழுதிய ஆராய்ச்சி 1890-ல் வெளிவந்தது. மணல் வடிகட்டி வெறும் சல்லடை இல்லை, அதில் உயிர் வேலை செய்கிறது என்ற அறிவு அந்த வருஷங்களில்தான் தெளிவுபட்டது.

1890-91-ல் மெரிமாக் ஆற்றோரம் டைபாய்டு பரவியது. மேலே இருந்த லோவல் நகரம் ஆற்றில் விட்ட கழிவுதான் கீழே இருந்த லாரன்ஸ் மக்களின் குடிநீரில் வந்தது என்று எம்.ஐ.டி.யின் வில்லியம் செட்ஜ்விக் துப்புத் துலக்கினார். 1893-ல் லாரன்ஸ் நகரத்துக்குப் பெரிய மணல் வடிகட்டி கட்டினார்கள். டைபாய்டு சாவு சரசரவென்று இறங்கியது. இதெல்லாம் ஒரே ஆள் செய்ததல்ல. பொறியாளர், உயிரியலார், வேதியியலார் எல்லோரும் சேர்ந்து இழுத்த தேர் அது. அளந்து சொல்கிற வடத்தைப் பிடித்திருந்தவர் எலன்.

ரசாயனச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கிருமியை அது நேரே காட்டாது. கழிவு வந்த தடத்தைத்தான் காட்டும். அதனால்தான் பின்னாளில் கிருமிச் சோதனை முன்வரிசைக்கு வந்தது. வந்தாலும் பழைய வரிசை ஒழிந்துபோகவில்லை. நம் நாட்டின் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-ஐ எடுத்துப் பாருங்கள். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம், நைட்ரேட் 45 மில்லிகிராம் என்று இன்றும் இருக்கிறது. நிறத்துக்கு 5 ஹேசன் யூனிட் என்று இருக்கும். அந்த ஹேசன் யார்? ஆலன் ஹேசன், 1888-ல் எம்.ஐ.டி.யில் வேதியியல் படித்து லாரன்ஸ் நிலையத்துக்குப் போனவர். சிவில் படித்த நண்பர்கள் குழாய் ஓட்டத்துக்கு ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரம் போட்டிருப்பீர்களே, அவரேதான்!

1890 முதல் எம்.ஐ.டி.யின் சுகாதாரப் பொறியியல் மாணவர்களுக்குத் தண்ணீர், கழிவுநீர், காற்று மூன்றையும் பரிசோதிக்கக் கற்றுக் கொடுத்தவர் எலன். அமெரிக்க நகரங்களின் நீர்நிலையங்களுக்குப் போன இளைஞர்கள் பலர் பிப்பெட் பிடிக்கக் கற்றது இந்த அம்மையாரிடம். தமக்கு மேல் பட்டம் தர மறுத்த இடத்திலேயே, பிறர் பட்டம் பெற அவர் பாடம் எடுத்தார். மனதில் வருத்தம் இல்லாமலா இருக்கும்? இருந்தாலும் வேலையில் அது தெரியவில்லை.

பழைய மாணவிகள் சங்கம்

முதலில் சொன்ன இன்னொரு காரணத்துக்கு இப்போது வருகிறேன்.

1881 நவம்பரில் பாஸ்டனில் 17 பட்டதாரிப் பெண்கள் கூடினார்கள். கூட்டியவர்களில் முக்கியமானவர்கள் எலனும், மேரியன் டால்பட் என்ற இளம் பட்டதாரியும். படித்து முடித்த பெண்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிப்போகிறார்கள், ஒருவருக்கொருவர் துணை வேண்டும் என்று தொடங்கிய அந்தச் சங்கம் பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கமாக வளர்ந்தது. ஆம், நம்மைப் போலவே ஒரு பழைய மாணவர் சங்கம்தான்!

அவர்கள் கூடி விருந்து சாப்பிட்டுக் கலைந்துவிடவில்லை. மேல்படிப்புப் படித்தால் பெண்களின் உடம்பு கெட்டுவிடும் என்று 1873-ல் ஒரு டாக்டர் புத்தகமே எழுதி, அதைப் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சங்கத்தார் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. கல்லூரியில் படித்த பெண்களிடம் கேள்வித்தாள் அனுப்பி, உடல்நிலையை விசாரித்து, 1885-ல் புள்ளிவிவரத்தை வெளியிட்டார்கள். படிப்பால் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை! தண்ணீரானாலும் வதந்தியானாலும், எண்ணி எழுதிப் பார்ப்போம் என்பதே எலனின் வழி.

தாம் படித்த வாசர் கல்லூரியையும் அவர் மறக்கவில்லை. அதன் நிர்வாகக் குழுவில் இருந்தார். 1890-களில் கல்லூரிக் கழிவுநீரை என்ன செய்வது என்று பிரச்சினை எழுந்தது. குழாய் போட்டு ஹட்சன் ஆற்றில் விட்டுவிடலாம் என்ற யோசனை இருந்தது. கல்லூரி நிலத்திலேயே பாய்ச்சி மண்ணில் சுத்தப்படுத்தலாம், செலவும் குறைவு என்று எலன் வழி காட்டினார். கல்லூரிக்குப் பழைய மாணவி செய்கிற உதவி எத்தனையோ விதம். இது ஒரு விதம்!

கடைசி நாட்கள்

வீட்டுச் சுகாதாரம், உணவு, காற்று என்று அவர் கை வைத்த துறைகள் பல. பாஸ்டன் புறநகரிலிருந்த தம் வீட்டையே ஆய்வுக்கூடமாக்கி, காற்றோட்டம், அடுப்பு, வடிகால் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார். ஏ.ஜி. உட்மேன் என்பவரோடு சேர்ந்து காற்று, நீர், உணவு மூன்றையும் பற்றி எழுதிய பாடநூல் 1900-ல் வந்தது. 1908-ல் அமெரிக்க மனையியல் சங்கத்தின் முதல் தலைவரானார். நம் மகளிர் கல்லூரிகளில் ஹோம் சயன்ஸ் என்று படிக்கிறார்களே, அந்தத் துறைக்கு வித்திட்டவர்களில் இவரும் ஒருவர். ஸ்மித் கல்லூரி 1910-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. வாழ்நாளெல்லாம் எதிர்பார்த்தது 67-வது வயதில், வேறொரு வாசல் வழியாக வந்தது.

1911 மார்ச் 30-ம் தேதி, 68 வயதில், இதயநோயால் காலமானார். கடைசிவரை வகுப்பும் சொற்பொழிவுமாகத்தான் இருந்தார். அவர் பட்டம் பெற்று 100 வருஷம் ஆன 1973-ல் எம்.ஐ.டி. அவர் பெயரில் பேராசிரியர் இருக்கை ஒன்றை ஏற்படுத்தியது. உயிரோடிருந்தபோது கொடுக்காத பேராசிரியர் பட்டத்தைப் பெயருக்காவது கொடுத்தார்கள்.

அவர் போட்ட வரைபடம் இன்று என்ன ஆச்சு? மாசாசூசெட்ஸில் குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியைக் கரைக்க இப்போது உப்பைக் கொட்டுகிறார்கள். அது ஓடைக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேர்ந்து, பழைய கோடுகள் பல இடங்களில் பொருந்தாமல் போய்விட்டன. வரைபடம் பயனற்றதாகிவிட்டது என்று சொல்லலாமா? எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்ற கணக்கு அதில்தானே இருக்கிறது!

நம் ஊருக்கு அந்தக் கோடுகள் அப்படியே பொருந்தா. நம் கடற்கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறினால், சாக்கடை மட்டுமல்ல, அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். சில ஊர்களில் பாறையே உப்பு. ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் இயல்பு அளவு தனி. அதை நல்ல நாளிலேயே அளந்து எழுதி வைத்தால்தான் கெட்ட நாளில் தெரியும். தண்ணீரில் வாடை வந்த பிறகு ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினால், அன்றைய அளவு தெரியும். என்ன மாறியது என்பது தெரியாது.

நம் சங்கத்துக்கு ஒரு சிறு வேண்டுகோள். கல்லூரி வளாகத்துக் கிணற்று நீரையும் குழாய்க் கிணற்று நீரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேதியியல் துறை மாணவ மாணவியர் சோதித்து, தேதி போட்டு ஒரு பெரிய நோட்டில் எழுதி வரட்டும். மழைக்கு முன், மழைக்குப் பின் என்று அளவுகள் சேரட்டும். பெரிய செலவில்லை, ஆய்வுக்கூடத்தில் எல்லாம் இருக்கிறது. நோட்டை மட்டும் பத்திரமாக வைக்கணும். அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு வரும்போது நாம் ஒருவரையொருவர் பார்த்து நலம் விசாரிப்பதோடு, அந்த நோட்டையும் புரட்டி, நாம் குடித்து வளர்ந்த தண்ணீரின் நலத்தையும் விசாரித்துவிட்டுப் போகலாம்.